குப்பை மேட்டிலிருந்து 600 மீட்டரில் ஒரு கிணறு: நீரில் உள்ள கேடு கடலால் வந்ததா, கசிவுநீரால் வந்ததா?

கேணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர் ஒன்றில், 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் குப்பை கொட்டப்பட்டுவரும் மேட்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. கடல் இன்னும் கிழக்கே இரண்டரை கிலோமீட்டர் தள்ளி உள்ளது. வீட்டு ஆழ்துளைக் கிணறு (போர்) 18 மீட்டர் ஆழம். ஊர்ப் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், எங்கள் தெருவில் சில மனைகளுக்கு இப்போது விலை பேசப்பட்டுவருவதுதான். யாருடைய பேச்சும் என்னால் முறிய வேண்டாம்.

நீர் சில ஆண்டுகளாகவே உவர்ப்பாக இருந்தது. அண்மையில் வேறொரு மாற்றத்தையும் கவனித்தோம். வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் நீர், சற்று நேரம் வெளியில் வைத்திருந்தால் மஞ்சளித்து, பிறகு அடியில் செங்காவி நிற வண்டல் படிகிறது. அந்த நீரில் தேயிலை போட்டால் டிகாக்‌ஷன் மை போலக் கருத்துப்போகிறது. ஆகவே முழு ஆய்வுக்குக் கொடுத்தோம். முடிவுகள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) 1,650, குளோரைடு 620, கடினத்தன்மை 700, காரத்தன்மை 580, சல்பேட் 40, சோடியம் 310, பொட்டாசியம் 58, இரும்பு 3.4, அம்மோனியா 7, நைட்ரேட் 3.

தெருவில் பாதிப் பேர் இது கடல்நீர் ஏறியதால் வந்தது என்கிறார்கள். மீதிப் பேர் குப்பை மேட்டிலிருந்து நிலத்தில் இறங்கும் கசிவுநீரைக் கை காட்டுகிறார்கள். இந்த எண்களை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கடலோரவாசி

இதைக் குப்பை மேட்டின் தலையில் கட்டுவதற்கு முன்பு கடற்கரையோரக் கிணறுகளின் நிலையை நினைத்துப்பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு போர் போட்டு, லாரி வைத்தும் உறிஞ்சி எடுத்த பிறகு, உப்பு உள்ளே வராமல் என்ன செய்யும்? கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் உள்ளது. நூற்றுக்கு மூன்று பங்கு கலந்தாலே 570 வந்துவிடும். சோடியத்தையும் பாருங்கள்: கடலில் 10,800 என்றால் அதில் மூன்று விழுக்காடு 324, தங்களுடைய கிணற்றில் 310. இதைவிடப் பொருத்தமான கணக்கு வேண்டுமா?

ஆய்வகத்தார்

கடலோரவாசி ஐயா சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கு அறிக்கையின் இரண்டு வரிகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில், இந்த அறிக்கையை நம்பலாமா என்பதைப் பார்த்துவிடுவோம். நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது ஆய்வகங்களில் முதலில் பார்க்கும் சோதனை. மின்னூட்டத்தை ஒப்பிட உதவும் மில்லிச்சமானம் என்ற அலகுக்கு மாற்றிக் கூட்டினால் ஒரு பக்கம் 29.4, மறுபக்கம் 29.9 வருகிறது. ஆகவே எண்கள் நேர்மையானவை; மேலே பேசலாம்.

கடல்நீரில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 27. மூன்று விழுக்காடு கடல்நீர் கலந்திருந்தால் பொட்டாசியம் 12 அளவில் இருக்க வேண்டும். இங்கு 58 இருக்கிறது, விகிதம் ஐந்தைச் சற்றுத் தாண்டுகிறது. காய்கறிக் கழிவு, வாழையிலை, உணவு மிச்சம், சாம்பல் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி என்பதால், நகரக் குப்பையின் கசிவுநீரில் அது சோடியத்துக்கு ஓரளவு நெருங்கியே காணப்படும். சல்பேட்டோ எதிர்த்திசையில் போகிறது: கடலிலிருந்து வந்திருந்தால் 80 அளவில் இருக்க வேண்டியது, பாதியாக இருக்கிறது. அம்மோனியா 7 என்பதைக் கடல் எவ்வகையிலும் தந்திருக்க முடியாது.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 அம்மோனியாவுக்கு 0.5, இரும்புக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. குளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 250. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை விடலாம். கடினத்தன்மைக்கு அதே முறையில் 200, 600. அதாவது உப்பைப் பொறுத்தவரை இந்த நீர் "வேறு வழியில்லை என்றால்" என்ற வகையில் வரக்கூடியது. அம்மோனியா, இரும்பு, கடினத்தன்மை ஆகிய மூன்றும் அந்த வாய்ப்பையும் அடைத்துவிடுகின்றன. குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம்.

ஈரநிலம்

பொட்டாசியம் பற்றிய வாதம் சரியே. எனினும் அம்மோனியாவையும் இரும்பையும் உடனே கசிவுநீரின் கையெழுத்து என்று எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். கழிமுகத்தையும் சதுப்பையும் ஒட்டிய களிமண்ணில் மட்கிய தாவரப் பொருள் நிறைந்திருக்கும்; அங்கே உயிர்வளி (ஆக்சிஜன்) இல்லாமையால் இரும்பு கரைவதும் அம்மோனியா உருவாவதும் குப்பை ஏதும் இல்லாமலேயே நிகழக்கூடியவை. இன்னொன்று, இந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா, அல்லது வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தானா? மலக்கழிவு நிலத்தில் இறங்கினாலும் அம்மோனியா, குளோரைடு, பொட்டாசியம் மூன்றும் கூடும். குற்றவாளி மூவர் இருக்க, ஒருவரை மட்டும் நிறுத்திவைத்து விசாரிக்கிறோம் என்று தோன்றுகிறது.

கேணிக்கரை

செப்டிக் டேங்க்தான். எல்லா வீட்டிலும்.

மண்ணடிநீர்

நிலத்தடி நீரியல் பக்கமிருந்து சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நம் ஊர்க் குப்பையில் பாதிக்கும் மேல் ஈரக்கழிவு. ஆகவே மழை பெய்யாத காலத்திலும், அழுகும் பொருளின் சொந்த ஈரமே கீழே இறங்கிக் கசிவுநீராகும். மழைக்காலத்தில் அதனோடு மேலிருந்து இறங்கும் நீரும் சேர்ந்து அளவு பல மடங்காகும். புதுக் குப்பையின் கசிவுநீர் அமிலத்தன்மையுடன், எளிதில் மட்கும் கரிமப்பொருள் மிகுந்து, கடும் நாற்றத்தோடு இருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல மேட்டுக்குள் மீத்தேன் உருவாகும் நிலை நிலைத்து, அமிலத்தன்மை நீங்கிக் காரப்பக்கம் திரும்பும்; பி.ஓ.டி., அதாவது கரிமப்பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் உயிர்வளியின் அளவு, குறையும். ஆனால் அம்மோனியா குறையாது. உயிர்வளி இல்லாத குப்பைக்குள் அதைச் சிதைக்க வழியில்லை என்பதால், மூடப்பட்டு நெடுங்காலமான மேடுகளிலும் அதுவே கடைசிவரை நிற்கும் தொல்லை.

இந்த நீர் நிலத்தடியில் இறங்கியதும் வழியில் உள்ள உயிர்வளி முழுவதையும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. பிறகு வரிசையாக நைட்ரேட்டையும், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளையும், சல்பேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. எல்லாம் தீர்ந்த இடத்தில், அதாவது மேட்டின் அடியிலேயே, மீத்தேன் உண்டாகிறது. எனவே மேட்டை ஒட்டி நைட்ரேட் அறவே இராது, சல்பேட் குறைந்திருக்கும், இரும்பு எகிறும். இந்த இரும்பில் பெரும்பகுதி குப்பையிலிருந்து வருவதன்று. மணல் துகள்களைப் பூசியிருக்கும் துருவே கரைந்து வருகிறது. வாளியில் தெளிவாக இருந்த நீர் காற்றுப் பட்டதும் மஞ்சளிப்பது அந்தக் கரைந்த இரும்பு மீண்டும் துருவாக மாறுவதுதான். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற நகரின் பழைய குப்பை மேடு 1985இல் மூடப்பட்டது. அடியில் தடுப்பு விரிப்பு இல்லாத அந்த மேட்டின் கசிவுநீர் ஓட்டப்பாதையை அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் நெடுங்காலம் கிணறு கிணறாக அளந்தார்கள். இந்த மண்டலங்கள் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி அங்கிருந்தும் டென்மார்க்கின் மணற்பாங்கான மேடுகளிலிருந்தும் கிடைத்ததே.

அடுத்து, 600 மீட்டர் தூரத்தைக் கடந்து வர நேரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். நடுத்தர மணலில் நீர்க்கடத்துத்திறன் நாளொன்றுக்கு 10 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு ஒன்று, துளைவெளி நான்கில் ஒரு பங்கு என்று வைத்தால், நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மீட்டர் நகரும். 600 மீட்டருக்கு 40 ஆண்டுகள். அப்படியானால் இன்னும் வந்திருக்கக் கூடாது. ஆனால் தெரு முழுவதும் மோட்டார் ஓடும்போது சரிவு இயற்கையாக இருப்பதில்லை. அது ஐந்து மடங்கானால் அதே தூரத்தை எட்டு ஆண்டுகளில் கடந்துவிடும். கடலோரவாசி ஐயா சொன்ன மிகை உறிஞ்சல் கடல்நீரை மட்டுமன்றிக் கசிவுநீரையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.

ஒரு திருத்தமும் தேவை: குளோரைடு நீரின் வேகத்திலேயே வரும், அம்மோனியம் வராது. களிமண் துகள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அது பின்தங்கியே வந்துசேரும். இந்தக் கிணற்றில் அம்மோனியாவே 7 இருக்கிறதென்றால், கசிவுநீர்தான் காரணம் என்ற பட்சத்தில், குளோரைடு பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

ஈரநிலம் எழுப்பிய ஐயத்தைப் பேசித் தீர்க்க முடியாது. கடலிலிருந்து இதே தொலைவில், இதே ஆழத்தில், இதே போலச் செப்டிக் டேங்க்குகள் நெருங்கிய பகுதியில், ஆனால் குப்பை மேட்டின் ஓட்டப்பாதையிலிருந்து விலகி உள்ள கிணறு ஒன்றைத் தேடி, அதே நாளில் மாதிரி எடுங்கள். ஒப்பீட்டுக் கிணறு இல்லாத அறிக்கை, எத்தனை பக்கம் இருந்தாலும், எந்த மன்றத்திலும் நிற்காது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நகராட்சிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். தமிழ்நாட்டின் பெரிய குப்பை மேடுகள் எவையும் நிலநிரப்பாக (அடியில் தடுப்பு அமைத்துக் குப்பையைப் புதைக்கும் இடமாக) திட்டமிட்டுக் கட்டப்பட்டவை அல்ல. சென்னையில் பெருங்குடியும் கொடுங்கையூரும் 1980களிலிருந்து நகரத்தின் குப்பையை வாங்கிக்கொண்டவை. தாழ்வான, யாருக்கும் வேண்டாத இடம் என்பதே அந்நாளில் தேர்வுக்கான தகுதி. பெருங்குடி மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே அமைந்தது. 2022 ஏப்ரலில் அந்த மேடு பல நாட்கள் எரிந்தது. அதே ஆண்டில் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஒரே நிலத்துக்கு ஒரே ஆண்டில் இரண்டு செய்தி!

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்டது என்ன? அடியில் 90 சென்டிமீட்டர் இறுகிய களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. எனும் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கசிவுநீரைத் திரட்டும் குழாய்கள். குடியிருப்பும் குடிநீர்க் கிணறும் 200 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்றன. நிலநிரப்பின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என வெவ்வேறு பருவங்களில் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறின. பழைய மேடுகளின் அடியில் இவற்றில் எதையும் இன்று புகுத்த முடியாது. மலையைத் தூக்கிப் பாய் விரிப்பது யார்? ஆனால் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு அமைப்பதற்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. ஆகவே கேணிக்கரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் அந்தப் பதிவுகளைக் கேட்கலாம். "நிலத்தடி நீர் நன்றாக உள்ளதா" என்று கேட்காதீர்கள். கண்காணிப்புக் கிணறுகள் எத்தனை, எந்தத் தேதிகளில் மாதிரி எடுக்கப்பட்டது, முடிவுகளின் நகல் எங்கே என்று கேளுங்கள். பதிவே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தாலும் அதுவும் ஓர் ஆவணம்தான்.

நொய்யல்கரை

கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள ஊர்களில் இதே பேச்சு நெடுநாளாக நடந்துவருகிறது. எங்கள் பக்கம் மணல் இல்லை, பாறை. மேலே சில மீட்டருக்குச் சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள். அதனால் மண்ணடிநீர் ஐயாவின் வேகக் கணக்கு இங்கே பொருந்தாது: வெடிப்பு போகும் திசையில்தான் நீரும் போகும் என்பதால், கிடங்கை ஒட்டிய கிணறு நன்றாக இருக்க, அதைத் தாண்டிய கிணறு கெட்டுப்போவது பாறை நிலத்தில் வியப்பன்று. "பக்கத்துக் கிணறே நன்றாக இருக்கும்போது உங்கள் கிணறு எப்படிக் கெடும்" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஈயம், காட்மியம், பாதரசம் பற்றி யாரும் பேசவில்லையே? பேட்டரியும் குழல்விளக்கும் அங்கேதானே போகின்றன?

ஆய்வகத்தார்

கன உலோகங்களைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் வழக்கமான நகரக் குப்பையின் கசிவுநீரில் அவை நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே கரைந்திருக்கும். அமிலத்தன்மை நீங்கிய பழைய மேட்டுக்குள் அவை சல்பைடாகவும் கார்பனேட்டாகவும் படிந்து குப்பையிலேயே தங்கிவிடுகின்றன. தப்பி வருவதையும் களிமண் பிடித்துக்கொள்கிறது. தொழிற்சாலைக் கழிவோ தோல்பதனிடும் கழிவோ கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட இடங்கள் வேறு. ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. அவற்றைவிட முக்கியமாக நான் கேட்பது மாங்கனீசும் ஆர்செனிக்கும். இரும்புத் துரு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் சேர்ந்து விடுபடக்கூடும். அது குப்பையில் இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. தரத்தின்படி ஆர்செனிக் 0.01க்கு மேல் கூடாது.

கேணிக்கரைக்கு வீட்டுப் பயன்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நீர் சுத்தமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அம்மோனியா முதலில் குளோரினைத் தின்றுவிடும். அதைத் தாண்டிக் குளோரின் தனியாக நிற்க வேண்டுமானால் அம்மோனியாவைப் போல எட்டிலிருந்து பத்து மடங்கு எடை குளோரின் வேண்டும். 7 மில்லிகிராமுக்கு 60, 70 மில்லிகிராம்! எந்த வீட்டிலும் அவ்வளவு போட மாட்டார்கள், போடவும் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். ஆர்.ஓ. பெரும்பாலான உப்பைக் குறைக்கும். ஆனால் இவ்வளவு இரும்புள்ள நீரை நேரடியாகச் செலுத்தினால் மெம்பிரேன் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதோடு, மின்னூட்டமற்ற சிறு கரிமப்பொருள்களில் சில அதைத் தாண்டியும் செல்லும். துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்கு வேறு நீர் வேண்டும்.

மறுமுறை மாதிரி எடுக்கும்போது, மோட்டாரை ஓடவிட்டு மின்கடத்துத்திறன் அளவி ஒரே எண்ணில் நிலைக்கும்வரை காத்திருந்து பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்தால் இரும்பு படிந்துவிட்டிருக்கும், அம்மோனியாவில் ஒரு பகுதி நைட்ரேட்டாகவும் மாறியிருக்கலாம். அம்மோனியாவுக்கான புட்டியில் கந்தக அமிலம் விட்டு, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். உலோகங்களுக்குத் தனிப் புட்டி, நைட்ரிக் அமிலம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகமானாலும் தனியார் ஆய்வகமானாலும் புட்டிகளை அவர்களிடமே முன்னதாகக் கேட்டு வாங்குங்கள்.

கேணிக்கரை

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு இரண்டு கிணறுகளிலும் ஒரே காலையில் மாதிரி எடுத்தோம். இரண்டாவது கிணறு மேட்டின் நேர்கிழக்கில் இல்லாமல் வடக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விலகி, கடலிலிருந்து அதே தொலைவில், 17 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கும் எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான்.

அந்தக் கிணற்றில் குளோரைடு 540, சோடியம் 285, பொட்டாசியம் 13, சல்பேட் 85, இரும்பு 0.2, நைட்ரேட் 38, அம்மோனியா 0.5க்குக் கீழ். எங்கள் கிணற்றில் முன்பிருந்த எண்கள் பெரிதாக மாறவில்லை; அம்மோனியா மட்டும் 9 ஆகியிருக்கிறது. ஆர்செனிக், ஈயம் இரண்டு கிணற்றிலும் வரம்புக்குள் உள்ளன. எங்களுடையதில் மாங்கனீசு 1.1.

கடலோரவாசி

குளோரைடு 540, சோடியம் 285. நான் சொன்ன உப்பு அங்கும் இருக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மண்ணடிநீர்

ஆம், உப்பில் பெரும்பங்கு இந்தக் கடற்கரைக்கே பொதுவானது. அதில் ஐயா சொன்னதே சரி. தூரக் கிணற்றின் சோடியம், பொட்டாசியம் விகிதம் 22, சல்பேட் 85. இரண்டும் கடலின் பக்கமே நிற்கின்றன. ஆனால் பொட்டாசியம் 13க்கும் 58க்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும், அங்கே இல்லாத அம்மோனியாவையும் கடல் விளக்காது. செப்டிக் டேங்க்கும் விளக்காது. ஏனென்றால் அதே நெருக்கத்தில் செப்டிக் டேங்க் உள்ள இடத்தில் அதன் நைட்ரஜன் நைட்ரேட்டாக, 38ஆக, வெளிப்பட்டிருக்கிறது. அங்கே மண்ணில் உயிர்வளி மிச்சம் இருக்கிறது. கேணிக்கரையின் கிணற்றடியில் இல்லை. அதைத் தீர்த்துவிடும் அளவுக்குக் கரிமப்பொருள் மேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

சதுப்புக் களிமண் என்ற ஐயம் மட்டும் இன்னும் மிச்சம். இரு கிணறுகளும் தோண்டப்பட்டபோது வந்த மண்ணின் விவரம் போர் போட்டவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கரிய களிமண் தங்கள் இடத்தில் மட்டும் இருந்தால், மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றாவது கிணறு ஒன்றைச் சோதித்தாக வேண்டும். மேட்டை நோக்கிப் போகப்போக அம்மோனியாவும் பொட்டாசியமும் சேர்ந்தே ஏறினால் அந்த ஐயமும் தீரும்.

கேணிக்கரை

மண்ணின் விவரத்தைக் கேட்டிருக்கிறேன். எங்கள் மேட்டிலும் விரைவில் பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டித் தரம்பிரித்து அகற்றும் பணி) தொடங்கப்போவதாகச் சொல்கிறார்கள். குப்பையை அள்ளிவிட்டால் கிணறு தேறிவிடுமா?

மண்ணடிநீர்

தேறும் வேகம் ஒவ்வொன்றுக்கும் வேறு. குப்பையைக் கிளறித் தரம்பிரிக்கும் காலத்தில் மூடியிருந்த பகுதி மழைக்குத் திறந்துகிடக்கும். தோண்டிய பள்ளத்தில் நீரும் தேங்கும். ஆகவே அந்தப் பருவங்களில் எண்கள் சற்று ஏறவும் கூடும். மேடு முழுவதும் அகன்ற பிறகு, குப்பையிலிருந்து வரும் குளோரைடும் பொட்டாசியத்தின் ஒரு பகுதியும் மழைநீர் ஊடுருவ ஊடுருவக் கழுவப்படும். களிமண் பிடித்துவைத்துள்ள அம்மோனியமும் மணலுக்கிடையேயுள்ள களிமண் அடுக்குகளுக்குள் ஊறியவையும் மெதுவாகத் திரும்பக் கசிந்துகொண்டிருக்கும். அதற்கு ஆண்டுகள் அல்ல, பத்தாண்டுகள் என்றே கணக்கிட வேண்டும். கடலுப்பு குப்பையோடு போகாது.

எனவே பணி தொடங்குவதற்கு முன்பே, வரும் கோடையில் ஒருமுறை மூன்று கிணறுகளிலும் மாதிரி எடுத்துவையுங்கள். ஒப்பந்தப் பணி முடிந்த பிறகு "நீர் முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று யாரும் சொன்னால் காட்டுவதற்குத் தேதியிட்ட அறிக்கை கையில் இருக்க வேண்டும். அடியில் மிஞ்சும் மண்ணையும் சோதிக்க வேண்டும் என்று வார்டு கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். குப்பையின் எடைக்குப் பணம் தரும் ஒப்பந்தத்தில் அடிமண்ணைப் பற்றி யாரும் தாமாக நினைத்துப்பார்ப்பதில்லை.